கத்தி யாருடையது

அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எல்ட்ரித் கோபமாகத்தான் கிளம்பினாள். மழைதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். நார்வேயின் மேற்குக் கரையில் இருந்துகொண்டு மழைக்குக் கோபித்துக்கொள்வதென்றால் வருஷம் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காரணம் யூஸ்டைன். அவனும் அதே விமானத்தில் வருகிறான் என்று முந்தின நாள்தான் யாரோ சொன்னார்கள். அவன் சொல்லவில்லை. அவன் எதைத்தான் சொல்லியிருக்கிறான்?

யூஸ்டைன் அவளுடைய பழைய புருஷன். அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்பாள் எல்ட்ரித். அவன் கெட்டவனும் இல்லை. நல்லது செய்வான், ஆனால் வாயைத் திறக்காமல் செய்வான். ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சமையலறை ஜன்னல் இருந்த இடத்தில் சுவர் நின்றது. என்னய்யா இது என்று கேட்டதற்கு, குளிர்காற்று வருதுன்னு நீதானே சொன்னே என்றான். அந்த ஜன்னல் வழியாகத்தான் அவள் இருபது வருஷம் கடலைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். இப்படியே ஒவ்வொன்றாக நடந்து, கடைசியில் ஒரு நாள் அவளும் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அது மட்டும் அவனுக்குப் புரியவில்லையாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவனை விட முடியவில்லை. இருவரும் ஒரே பாராசூட் கிளப். விமானத்திலிருந்து குதிப்பவர்களின் பையில் இரண்டு குடைகள் இருக்கும். பெரிய குடையை அவரவரே மடித்துக்கொள்ளலாம். அது திறக்காமல் போனால் உயிரைக் காப்பாற்ற இருக்கிறதே அவசரக் குடை, அதை உரிமம் வாங்கியவர்தான் மடிக்க வேண்டும். மடித்து மூடி, சிவப்பு நூல் கட்டி, ஈயத்தில் தன் முத்திரையை நசுக்கி வைப்பார். அந்த நூல் அறுந்தால் அந்தப் பையோடு யாரும் மேலே போக முடியாது. கிளப்பில் அந்த உரிமம் யூஸ்டைனிடம்தான் இருந்தது.

உருளைக்கிழங்கு வேக வைக்கக்கூட அந்த ஆளை நம்ப மாட்டேன், அவசரக் குடை மட்டும் அவன் கையாலதான் என்று எல்ட்ரித் சொன்னால் கிளப்பே சிரிக்கும். வசந்தம் வந்தால் அவள் தன் பையைக் கிளப் வாசல் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். சில நாள் கழித்து அதே மேஜையில் முத்திரையோடு இருக்கும். எடுத்துக்கொண்டு போவாள். இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை கிடையாது. அதுதான் இருவருக்கும் சௌகரியமாக இருந்தது.

இந்தத் தடவை போவது ஸ்பெயினுக்கு. அறுபது தாண்டியவர்கள் மட்டும் சேர்ந்து ஆகாயத்தில் கைகோத்து ஒரு பெரிய வளையம் கட்டப் போகிறார்கள். வடக்கு நாடுகளில் இதுவரை இத்தனை பெரிய கிழட்டு வளையம் கட்டியதில்லை. நடத்துபவன் ப்ரேபென் என்கிற டேனிஷ்காரன், கண்டிப்பானவன். போன முறை எல்ட்ரித்துக்கு அறுபது ஆகச் சில மாதம் குறைந்தது என்று சேர்க்க மறுத்துவிட்டான். பொறந்த தேதிய மாத்திக்கிட்டு வா, இடம் தரேன் என்று கிண்டல் வேறு. அவள் காத்திருந்தாள். இந்த வசந்தத்தில் அறுபது முடிந்தது. கேக் வெட்டுவதற்கு முன்பே ப்ரேபெனுக்குப் போன் செய்து இடம் வாங்கிவிட்டாள். நாளை காலை எல்லாருடைய பையையும் அவன் நேரில் பார்ப்பான். முத்திரை இல்லாத பையோடு வருகிறவரை அந்தக் கணமே நீக்கிவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆளைச் சேர்த்துக்கொள்வான். இதில் தயவு தாட்சண்யம் கிடையாது என்று எல்லாருக்கும் எழுதி அனுப்பியிருந்தான். அடுத்த வளையம் எப்போதோ. அதுவரை முட்டி தாங்குமோ தாங்காதோ.

குதிப்பவர்கள் யாரும் தங்கள் பையை விமானத்தின் வயிற்றுக்குள் போட மாட்டார்கள். துணிமணியை வேண்டுமானால் தொலைக்கட்டும், பை தொலைந்தால் பயணமே வீண். அதனால் முதுகில் மாட்டிக்கொண்டே பாதுகாப்புச் சோதனைக்கு வருவார்கள். சீக்கிரம் வர வேண்டும், சிரித்த முகமாக நிற்க வேண்டும், கேட்டால் முதலில் விளையாட்டுச் சாமான் என்று சொல்ல வேண்டும். பாராசூட் என்ற வார்த்தை காதில் விழுந்தால் வரிசையில் யாராவது ஒருவர் அந்த நகைச்சுவையைச் சொல்லியே தீருவார். எல்ட்ரித் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள்.

அன்று அவள் சிரித்த முகமாக இல்லை. நாலு ஆள் முன்னால் யூஸ்டைன் நின்றான். அவன் பை எக்ஸ்ரே பெல்ட்டில் போனது, உள்ளே நுழைந்தது, அந்தப் பக்கம் வந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவன் ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டத் தொடங்கினான்.

எல்ட்ரித்தின் பை உள்ளே போய் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி உள்ளே போனது. பிறகு பக்கத்துப் பாதைக்குத் தள்ளப்பட்டது.

சட்டையில் வேகார்ட் என்று பெயர் குத்தியிருந்த ஓர் ஆள் கையுறையை இழுத்து மாட்டியபடி வந்து, இது உங்களுடையதா என்று கேட்டார். அவள் ஆமாம் என்று சொல்லி, வழக்கம்போல அட்டையை நீட்டினாள். பைக்குள் என்னென்ன இருக்கும், எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும் என்று படம் போட்ட அட்டை அது. வேகார்ட் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்தார். படத்தில் இருக்கிறதெல்லாம் சரி, படத்தில் இல்லாத ஒன்றும் உள்ளே இருக்கிறது என்றார்.

"கத்தி மாதிரி ஒண்ணு தெரியுது."

"கத்தியா இருக்காது. கொக்கி இருக்கும், வளையம் இருக்கும், கம்பி இருக்கும். கத்தி இல்ல, என் கத்தி பெட்டியோட போயாச்சு."

"எனக்குக் கத்தியாத்தான் தெரியுது."

"முப்பது வருஷமா இந்தப் பையோட பறக்கறேன். என் பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீங்க இங்க வேலைக்குச் சேர்ந்து எவ்வளவு நாளாச்சு?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். வேகார்டின் காது சிவந்தது. பின்னால் நின்ற ஒரு தடித்த மனிதர், பதில் வருவதற்குள் அந்த நகைச்சுவையை எடுத்துவிட்டார். "பாராசூட்டா? விமானத்து மேல நம்பிக்கை இல்ல போல."

"இல்லதான்," என்றாள் எல்ட்ரித் திரும்பாமலே. "விழறப்போ சொல்லுங்க, கையாட்டறேன்."

வேகார்ட் பையைத் திறக்க வேண்டும் என்றார். பெரிய குடையின் பக்கம் திறந்துகொள்ளுங்கள், மேல்பக்கம் முத்திரை போட்டிருக்கிறது அதைத் தொடாதீர்கள், இடது மார்பில் தொங்குகிறதே வெள்ளிக் கைப்பிடி அதன் பக்கம் விரலைக்கூடக் கொண்டுபோகாதீர்கள் என்று அவள் அடுக்கினாள். அவர் தலையாட்டினார். பட்டை பட்டையாகத் தடவிக்கொண்டே போனார். வலது கால் பட்டையின் மெத்தைக்கு அடியில் அவர் விரல் நின்றது. சின்னத் துணி உறை ஒன்று. அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒன்றை உருவினார். ஆரஞ்சு நிறப் பிடி, நுனியில் கொக்கி போல வளைந்து உள்பக்கம் கூர். கயிறு சிக்கிக்கொண்டால் அறுப்பதற்கு வைத்துக்கொள்ளும் கொக்கிக் கத்தி.

எல்ட்ரித் அதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் உறையைத் தைத்திருந்த தையல் அவளுக்குத் தெரியும். எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்கமான தையல். அவள் வீட்டுத் திரைச்சீலையில் யூஸ்டைன் போட்டிருந்த தையல்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். அடடா, மறந்துபோச்சு, எடுத்துக்குங்க என்று சொன்னால், அந்தக் கத்தி தண்ணீர் பாட்டில்களும் ஷேவிங் கிரீமும் கிடக்கிற தொட்டிக்குள் போயிருக்கும், அவள் உள்ளே போய்க் காபி குடித்திருப்பாள். அவள் அதைச் சொல்லவில்லை. உலகத்தில் எந்த விமான நிலையத்திலும் எவரும் சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"இது என்னுது இல்ல. நான் வைக்கல. வேற ஆள் வச்சிருக்காங்க."

வேகார்டின் கை அப்படியே நின்றது. பிறகு கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, தோளில் இருந்த கருவியில் யாரையோ கூப்பிட்டார்.

யூஸ்டைன் அதற்குள் எழுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டான். ஒரு ஷூ கட்டியிருந்தது, இன்னொன்று அவிழ்ந்து கிடந்தது. அங்கேயே நில்லுங்கள் என்று வேகார்ட் சொன்னதும் நின்றான். நின்ற இடத்திலிருந்தே தாழ்ந்த குரலில் பேசினான்.

"உன்னுதுன்னு சொல்லிடு, எல்ட்ரித்."

"என்னுது இல்லாதத எதுக்கு என்னுதுன்னு சொல்லணும்?"

"சொன்னா முடிஞ்சிடும்."

"உனக்கு முடிஞ்சிடும். கத்தின்னு அந்த ஆள் சொன்னது உன் காதுல விழுந்துச்சு, இல்ல? விழுந்தும் ஷூ கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தே. நான் இங்க நின்னு, இல்ல இல்லன்னு கத்திக்கிட்டிருக்கேன், பைத்தியக்காரி மாதிரி."

அவன் பதில் சொல்லாமல் நிற்கிற நிற்பு அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். கை கொஞ்சம் தொங்கும், பார்வை தரையில் ஒரு புள்ளியில் இருக்கும். அதைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி வரை ஏறிவிட்டது.

மேற்பார்வையாளர் வந்தாள். தூரில் என்று பெயர். எல்ட்ரித்தின் வயதுதான் இருக்கும், கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி தொங்கியது. அவசரப்படாத பெண். வேகார்ட் சொன்னதைக் கேட்டாள், கத்தியைப் பார்த்தாள், பாராசூட்காரர்களுடைய சாமான்தான் என்று அவளுக்கே தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்ட்ரித்தைப் பார்த்து, நிதானமாக ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"சில சமயம் அவசரத்துல நம்ம சாமானே நமக்கு மறந்துடும். நான் இன்னொரு தடவை கேட்கறேன். இது உங்களுதா?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எல்ட்ரித்துக்குப் புரியாமல் இல்லை. நுழைந்து போக வேண்டியதுதான். ஆனால் இத்தனை வருஷமாக யாராவது ஒருவர், சீருடை போட்ட ஒருவர், இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று அவள் காத்திருந்த மாதிரி இருந்தது.

"இல்ல. அதோ நிக்கறாரே, அந்த மனுஷன் வச்சது. என்கிட்ட கேட்காம, என்கிட்ட சொல்லாம வச்சது. எப்பவும் இப்படித்தான்."

தூரில் திரும்பிப் பார்த்தாள். "அவர் உங்களுக்கு யாரு?"

"பழைய புருஷன்."

தூரில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அவளுடைய முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்துவிட்டுப் போனது. பிறகு சட்டத்தைச் சொன்னாள். பயணிக்குத் தெரியாமல் இன்னொருவர் கை பட்ட பையை அப்படியே விட முடியாது. முழுவதும் திறந்து பார்க்க வேண்டும். முத்திரை போட்ட பகுதியும் சேர்த்துத்தான். இல்லையென்றால் பை இங்கேயே இருக்கும்.

அதன் பிறகுதான் எல்ட்ரித்துக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. வேகவேகமாகச் சொன்னாள். அந்த நூலை அறுத்தால் நாளைக்கு நான் குதிக்க முடியாது, கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய குடையை அலசுங்கள், என்னையே அலசுங்கள், அந்த முத்திரையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள். யூஸ்டைனும் வாயைத் திறந்தான். நான் உரிமம் வாங்கியவன், அதை மூடியது நான்தான், உள்ளே குடையைத் தவிர ஒன்றுமில்லை என்று தன் அட்டையை எடுத்துக் காட்டினான்.

"நீங்கதானே சொல்லாம கத்தி வச்சவரு?" என்றாள் தூரில்.

"ஆமா."

"அப்போ சொல்லாம வேற என்ன வச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யூஸ்டைன் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். வேறு எந்த நாளாக இருந்தாலும் எல்ட்ரித் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்திருப்பாள். இன்றைக்கு அந்தக் கேள்விக்கான விலையை அவள் பையல்லவா கொடுக்கிறது.

விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. வேகார்ட் முத்திரையின் பக்கம் கையைக் கொண்டுபோனார். தொடாதீங்க என்றாள் எல்ட்ரித். அவள் சொன்ன தொனியில் அவர் இரண்டடி பின்வாங்கினார். எல்லாரும் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பையைத் தன் பக்கம் திருப்பினாள். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வெள்ளிக் கைப்பிடியை அவள் இழுக்க நேர்ந்ததில்லை. இழுக்காமல் இருந்ததில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. இப்போது விமான நிலையத்துக் கூரைக்கடியில், கால் தரையில் ஊன்றியிருக்க, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

நூல் அறுகிற சத்தம் கேட்கவே இல்லை. உள்ளே அமுங்கிக் கிடந்த சுருள்வில் விடுபட்டு, அவசரக் குடையை இழுத்துப்போகிற சின்னக் குடை ஒன்று தலைக்கு மேல் எகிறிப் போய், ட்ரே அடுக்கில் மோதி, அடுக்கு சரிந்தது. வரிசையில் பாதிப் பேர் குனிந்தார்கள். தடித்த மனிதர் தன் கைப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஒரு கைக்குழந்தை மட்டும் சிரித்தது. பிறகு வேகார்ட் உறைக்குள் கைவிட்டு இழுக்க இழுக்க வெள்ளைத் துணி வந்துகொண்டே இருந்தது. மேஜை நிறைந்து, வழிந்து, தரையில் விழுந்து, ஈர ஷூக்களின் தடத்தில் பரவியது. யூஸ்டைன் ஓடிவந்து அதைத் தரையிலிருந்து தூக்கப் பார்த்தான். நில்லுங்கள் என்றார்கள். நின்றான்.

உள்ளே குடையைத் தவிர ஒன்றுமில்லை.

வேகார்ட் மன்னிக்கணும் என்றார், மனதாரத்தான் சொன்னார். தூரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்ட்ரித் துணியையும் கயிற்றையும் வாரி அதற்குள் திணித்தாள். கத்தி தொட்டிக்குள் போனது. நல்லபடியா போய்ட்டு வாங்க என்றார்கள்.

வாசல் எண் தேடி நடக்கும்போது அவள் முன்னால், சாக்கு தோளில். பின்னால் அவன், இன்னமும் ஒரு லேஸ் அவிழ்ந்தபடி. விமானம் தாமதம் என்று பலகை சொன்னது. அத்தனை அவசரப்படுத்திவிட்டுத் தாமதம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சாக்கை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்து, பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியை எண்ணெய்த் தாளிலிருந்து பிரித்து, பாதியை அவள் பக்கம் நீட்டினான். அவள் பார்க்கவில்லை. அவனும் சாப்பிடாமல் மறுபடி சுற்றிவைத்தான்.

அவன்தான் முதலில் பேசினான், அதுவும் தப்பான பேச்சு. அவசரக் குடை திறந்தவர் அதை மடித்தவருக்கு நல்ல பாட்டில் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்பது குதிப்பவர்கள் எல்லாருக்கும் வழக்கம். உயிர் பிழைத்த நன்றிக்கு.

"வழக்கப்படி பாத்தா நீ எனக்கு ஒரு பாட்டில் வாங்கித் தரணும்."

"உன் மண்டையில போட்டு உடைக்கத்தான் வாங்குவேன்."

அவன் சிரிக்க முயன்று விட்டுவிட்டான். அவள் சாக்கைக் கீழே வைத்தாள்.

"எதுக்குய்யா வச்சே?"

"உன் பழைய கத்தி உடைஞ்சிருந்துச்சு. ரெண்டு வருஷமா உடைஞ்சதையே வச்சுக்கிட்டுக் குதிச்சிட்டிருந்தே. கயிறு சிக்கினா என்ன பண்ணுவே?"

"ஒரு வார்த்தை. மேஜையில வச்சிட்டுப் போறியே, கூட ஒரு சீட்டு எழுதி வச்சா கை தேஞ்சிடுமா?"

"நீ பாப்பேன்னு நெனச்சேன். பையை மாட்டறதுக்கு முன்னாடி எல்லாரும் பட்டை பட்டையா தடவிப் பாப்பாங்க. புதுசா வர்றவங்களுக்கு நீயேதானே அதைச் சொல்லித் தரே."

அது அவளை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. உண்மைதான். ஏப்ரலில் பையை எடுத்து அலமாரியில் வைத்தவள், இன்று எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மற்றவர் பையென்றால் மூன்று தடவை பார்த்திருப்பாள்.

"நீ மடிச்சா நான் பாக்கறதில்ல," என்றாள். அதை அவள் ஒரு குற்றச்சாட்டாகத்தான் சொன்னாள், குரலும் அப்படித்தான் இருந்தது. "அது உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நீ பாட்டுக்கு வச்சே. இந்த உலகத்துல நான் பாக்காம மாட்டற ஒரே பை அது. அதையும் கெடுத்துட்டே."

யூஸ்டைன் ஜன்னலுக்கு வெளியே மழையில் நிற்கிற விமானத்தைப் பார்த்தான். அவன் மடிக்கும் கருவிகளெல்லாம் பெரிய பெட்டியில், பெட்டி விமானத்துக்குள். ராத்திரி போய்ச் சேரும்போது அங்கே குடை மடிக்கும் கூடம் பூட்டியிருக்கும். விடிந்தால்தான் கை வைக்க முடியும். ஆனால் காலையில் எல்லாரும் புல்வெளியில் கைகோத்து நடந்து ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகையில் இல்லாதவனை ப்ரேபென் மேலே ஏற்ற மாட்டான். குடையைப் பிரித்து, கறை பார்த்து, தரையில் விரித்துச் சரிபார்த்து மடித்து முடிக்க முழுக் காலையும் போய்விடும். இதெல்லாம் அவள் மனதுக்குள் ஓடியது. அவன் மனதுக்குள்ளும் ஓடியிருக்கும். அவன் எழுந்து நாலடி தள்ளிப் போய் போனை எடுத்தான்.

அவன் பேசியது அவள் காதில் விழுந்தது. ப்ரேபென், நான் வளையத்துல இல்ல, என் இடத்த மாத்து ஆளா வர்ற அந்த ஸ்வீடன்காரருக்குக் குடுத்துடு. எல்ட்ரித் பையில முத்திரை அறுந்துபோச்சு, ஒத்திகை நேரத்துல நான் மடிச்சு முடிச்சிடறேன், அவள நீக்காதே. ப்ரேபென் கத்துவது போனுக்கு வெளியே கேட்டது. யூஸ்டைன் காதிலிருந்து போனைத் தள்ளி வைத்துக்கொண்டு, முடிகிற வரை நின்று, நன்றி சொல்லி வைத்தான்.

திரும்பி வந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"யாரு கேட்டா உன் தியாகத்த? மறுபடியும் அதேதான். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல," என்றான். கொஞ்சம் யோசித்தான். "கேட்கல. போன் போட்டப்புறம்தான் தோணுச்சு."

"தோணுச்சாம்."

"இது தியாகமில்ல. சொல்லாம அடுத்தவங்க பையில ஒண்ண வச்சவன் எவனா இருந்தாலும் நான் கிளப்ப விட்டு வெளிய அனுப்பியிருப்பேன். நீ வேணாம்னு சொன்னா திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிடறேன். அங்க மடிக்கறதுக்கு வேற ஆள் இருக்கான். ஆனா அவன் உன் பைக்கு வர்றதுக்கு ரெண்டு நாள் ஆகும்."

அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. வேண்டாம் என்றால் வளையம் போச்சு. வேண்டும் என்றால் அவனிடம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். இரண்டும் சொல்லாமல் சாக்கைத் தூக்கி அவன் மேல் போட்டாள். பத்திரமாக வைக்கவில்லை, போட்டாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். விமானத்தில் வழி முழுக்க அவன்தான் அதை வைத்திருந்தான். மேலே வைக்க இடமில்லாமல் பணிப்பெண் முறைத்ததும் காலுக்கடியில் அடக்கிக்கொண்டான்.

மறுநாள் காலை வெயில் கண்ணைக் கூச வைத்தது. புல்வெளியில் அறுபது தாண்டிய ஆண்களும் பெண்களும் கைகோத்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, விட்டுப் பிடித்து, ப்ரேபென் போட்ட கூச்சலுக்கெல்லாம் நடந்தார்கள். எல்ட்ரித்தின் ஒரு கை ஐஸ்லாந்துக்காரி ஒருத்தியிடம், இன்னொரு கை அந்த ஸ்வீடன்காரரிடம். அவர் கை வியர்த்து வழிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கூடத்தின் திறந்த கதவு அவள் கண்ணில் பட்டது. உள்ளே யூஸ்டைன் முட்டி போட்டபடி வெள்ளைத் துணியின் மேல் குனிந்திருந்தான். மனசு எங்க இருக்கு எல்ட்ரித், கால மாத்தி வைக்கறே என்று ப்ரேபென் இரண்டு தடவை திட்டினான். இங்கேதான் இருக்கிறது என்றாள்.

ஒத்திகை முடிகிற நேரம். கூடத்து வாசலில் யூஸ்டைன் வந்து நின்று கூப்பிட்டான். அவன் குரலை உயர்த்திக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை.

"மூடப் போறேன். வந்து பாத்துட்டுப் போ."

அவள் போனாள். பக்கத்தில் முட்டி போட்டாள். அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஷூ கறை ஓரத்தில் இருந்தது, கழுவிவிட்டேன், துணிக்கு ஒன்றுமில்லை. கயிறு முழுக்க நேராக இருக்கிறது, இழுத்துப் பார். அவள் இழுத்துப் பார்த்தாள். கால் பட்டைக்கு அடியில் விரலை விட்டாள், தோள் பட்டை, மார்புப் பட்டை, முதுகு மெத்தை, ஒன்று விடாமல் தடவினாள்.

"வேற எதாவது இருக்கா? இப்பவே சொல்லிடு."

அவன் தலையைச் சொறிந்தான்.

"மார்புப் பட்டையில ஒரு தையல் பிரிஞ்சிருந்துச்சு. தைச்சேன்."

"இன்னிக்கா?"

"போன வருஷம்."

"போன வருஷமா? வேற?"

"கைப்பிடி மாத்தினேன். துருப் பிடிச்சிருந்துச்சு. அது மூணு வருஷம் இருக்கும். அப்புறம் தோள் பட்டை உனக்குக் கொஞ்சம் நீளமா இருந்துச்சு, ஒரு விரல் அளவு குறைச்சேன்."

"அதான் எனக்குத் தோள்வலி நின்னுச்சா? டாக்டர்கிட்ட போய், உங்க மருந்து நல்லா கேக்குதுன்னு சொன்னேனே, மடச்சி மாதிரி."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. வாசலில் ப்ரேபென் நிழல் விழுந்தது. எல்லார் பையையும் பார்த்தாச்சு, இந்தப் பை ஒண்ணுதான் பாக்கி, விமானம் நிக்காது என்று கத்தினான். மூடு என்றாள் எல்ட்ரித். யூஸ்டைன் மூடினான், நூல் கட்டினான், ஈயத்தை நசுக்கினான். ப்ரேபென் குனிந்து முத்திரையைப் பார்த்து, தேதியைப் பார்த்து, போ என்று தலையாட்டிவிட்டு யூஸ்டைனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

அவள் பையை மாட்டி, பட்டைகளை இறுக்கினாள். யூஸ்டைன் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே விமானத்தின் விசிறி சுற்றத் தொடங்கியது. மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் கோவமா?" என்று கேட்டான், பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா. நெறைய."

அவன் தலையாட்டினான். அவள் வாசல் வரை போனவள் நின்று, இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்.

"இன்னும் எதையெல்லாம் சொல்லாம செஞ்சேன்னு யோசிச்சு வை. இறங்கி வந்து ஒவ்வொண்ணா கேப்பேன்."

சொல்லிவிட்டு விமானத்தை நோக்கி ஓடினாள்.